வடிவு சொல்லாத பெயர்

ஐப்பசி 2, திங்கள்

காலையில் மூட்டம். மழை வரும் என்று எல்லாரும் வானத்தைப் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. யூரியா லோடு இறங்கியது. உரக்கடை வாசலில் கூட்டம்.

வாங்க வேண்டியது: சர்க்கரை மாத்திரை. கைரேகை மிஷினுக்கு வயர் (பழையதை எலி கடித்துவிட்டது). ஷட்டருக்கு கிரீஸ்.

இளையரசனேந்தலில் இருந்து ஒரு அம்மா, மக்காச்சோளத்துக்கு உரம் வேண்டும் என்று. மிஷினில் விரலை வைத்தால் ரேகை விழவே இல்லை. களை பிடுங்கித் தேய்ந்த விரல். "ரேகை விழாம உரம் தர முடியாதும்மா, ரூல்சு. இன்னொரு நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டேன். முனகிக்கொண்டே பஸ் ஏறப் போனாள். நான் என்ன செய்ய, மிஷின் சொல்லுகிறது.

இனி முக்கியமான விஷயம். எழுத்து கோணல் மாணலாக வருகிறது.

கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தேன். எடுக்க வந்தேன். அந்த நேரத்தில் நான் வீட்டுக்கு வருகிற ஆளே இல்லை. வாசல் கதவு உள்ளே தாழ். தட்டினேன். பக்கத்து வீட்டு ரோஸ்மேரி எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, இப்பம் தட்டாதீங்க. கொஞ்சம் கழிச்சு வாங்க" என்றாள். என் வீட்டுக் கதவை நான் தட்ட அவள் நேரம் குறிக்கிறாள்!

புறவாசல் வழியாகப் போனேன். மகள் மீனா பெங்களூருக்கு வேலைக்குப் போனதில் இருந்து அவள் அறை சும்மாதான் கிடக்கிறது. அங்கே என் வீட்டுக்காரி வடிவு. வீட்டில் நைட்டியைத் தவிர வேறு உடுத்தாதவள், தீபாவளிக்கு எடுத்த புடவையில், தலை வாரிப் பூ வைத்து, மீனாவின் பழைய லேப்டாப் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். லேப்டாப்பில் இருந்து ஒரு ஆம்பிளைக் குரல்:

"மேடம், உங்க பின்னால ஒரு பெர்சன் தெரியுறாரு. யாருங்க அது? ரூமை விட்டு வெளிய போகச் சொல்லுங்க."

பெர்சன்! வீட்டு வரி என் பேரில் கட்டுகிறேன், நான் பெர்சன்!

"ஏலே, யார்ல நீ? என் வீட்டுல வந்து என்னைய வெளிய போகச் சொல்லுத?" என்று நான் சத்தம் போட, வடிவு திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டி வீசினாள். உலர்ந்துகொண்டிருக்கிற நெல்லில் வாய் வைத்த கோழியை விரட்டுவது மாதிரி. நான் வெளியே வந்துவிட்டேன். சத்தியமாக எனக்கே தெரியவில்லை ஏன் வந்தேன் என்று. அடுக்களையில் போய் நின்றேன்.

பிறகுதான் சொன்னாள். பி.ஏ. பொருளியல். ஆன்லைனில். கடைசி வருஷம். இன்றைக்கு நடந்தது பரீட்சைக்கு முந்தின ஒத்திகை. நான் போட்ட சத்தத்தில் அது பாதியிலேயே கலைந்துவிட்டது.

"எத்தன வருசமா?"

"மீனா வேலைக்குப் போனதுல இருந்து."

யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டேன். மீனாவுக்குத் தெரியும், சேர்த்துவிட்டதே அவள்தான். ரோஸ்மேரிக்குத் தெரியும். பால்காரருக்குத் தெரியும் (வகுப்பு நேரத்தில் மணி அடிக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறாள்). என் சொந்த மச்சினனுக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

"ஏட்டி, எங்கிட்ட மட்டும் ஏன் சொல்லல?"

"சிரிப்பீங்க."

சாப்பிடாமல் கடைக்குப் போனேன். கண்ணாடியைத் திரும்பவும் மறந்துவிட்டேன்.


ஐப்பசி 3, செவ்வாய்

தூறல். தூங்கவில்லை. நான் அந்தக் காதுக்குள் மாட்டுகிற வயரைப் பார்த்ததில்லையா? பார்த்தேன். சீரியல் பார்க்கிறாள் என்று நினைத்தேன். ஒரு தடவை, "என்னட்டி, அந்த மாமியா செத்துட்டாளா, இருக்காளா?" என்றுகூடக் கேட்டேன். "இருக்கா" என்றாள். இப்போது யோசித்தால் என்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாளோ, தெரியவில்லை. எந்த மாமியாரோ.

வ. (வடிவு) ஸ்கூல் முடித்துத் திருநெல்வேலியில் காலேஜ் சீட்டு கிடைத்தவள். கல்யாணம் முந்திக்கொண்டது. இது எனக்குத் தெரியும். தெரிந்த விஷயம் என்று ஒரு மூலையில் வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

கடையில் ராயகிரி மாடசாமி அண்ணாச்சியிடம் வாயைவிட்டுவிட்டேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "எங்க வீட்டு மருமவளும் படிக்கால்லா. வீட்டுக்குள்ள சிக்னல் கெடையாது. மொட்டமாடித் தண்ணித் தொட்டி மேல ஏறி நிக்கா. நாந்தான் ஏணியப் பிடிக்கேன். நீரு என்ன வே, வீட்டுல இருந்துக்கிட்டே தெரியலங்கீரு?" என்றார். கடையில் நாலு பேர் சிரித்தார்கள். டிஏபி உர மூட்டையை எண்ணுகிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

சாயங்காலம் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்தேன். வகுப்பு நடக்கிறது. கேமராவில் தெரியாமல் கட்டிலுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார வைத்தாள். சென்னையில் இருந்து ஒரு பேராசிரியை. கூடப் படிக்கிறவர்கள்: கடற்கரை ஊரில் இருந்து ஒரு பிள்ளை, லாரி டிரைவர் ஒருத்தர், துபாயில் இருந்து ஒருத்தன். டிரைவர் லாரியை ஓரம் கட்டிவிட்டுக் கேட்கிறாராம். பேராசிரியை நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறாள். எனக்கே பாதி புரிந்தது. இப்படி ஒரு வகுப்பு இந்த ஊரில் உட்கார்ந்து கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

பிறகு வ. கையைத் தூக்கினாள். "மேம், ஐ ஹாவ் எ டவுட்."

இங்கிலீஷ்! எங்கிட்ட இத்தனை வருஷத்தில் ஒரு டவுட்டும் கேட்டதில்லை. உர மானியம் மூட்டை விலையில் கழிந்துதான் வருகிறது. ஆனால் கைரேகை விழாதவன், ஆதாரும் கையுமாக நிற்க முடியாதவன், அவனுக்கு அந்த மானியம் எப்படிப் போய்ச் சேரும் என்று கேட்டாள். பேராசிரியை, இது ரொம்ப நல்ல கேள்வி, எங்கே இருந்து பிடித்தீர்கள் என்று கேட்டாள். வ. "வீட்ல பேசிக்கிட்டது மேம்" என்றாள்.

நான் ராத்திரி சோறு தின்றுகொண்டே புலம்புவது. அத்தனையும் காதில் வாங்கியிருக்கிறாள். சுவரிடம் பேசுகிறோம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

நாளைக்குப் பரீட்சை. வீட்டில் வேறு ஆள் இருக்கக் கூடாது. எனக்குக் கடையில்தான் சாப்பாடு.


ஐப்பசி 4, புதன்

மழை இல்லை. புழுக்கம்.

பரீட்சை ரத்து.

என்ன எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

பரீட்சை முடிந்திருக்கும் என்று மதியம் வந்தேன். வாசல் திறந்து கிடந்தது. வ. பரீட்சைப் புடவையோடு அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வெங்காயத்துக்காக அழுகிறாளா, எதற்காக என்று முதலில் தெரியவில்லை.

"கரண்டு போயிட்டோ?"

இல்லை.

"நெட்டு?"

இல்லை.

"பின்ன என்னட்டி?"

அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். ரோஸ்மேரிதான் சொன்னாள். முந்தின பரீட்சைகளுக்கெல்லாம் அடையாள அட்டையைக் கேமராவில் காட்டினால் போதும். இப்போது ஆள்மாறாட்டம் நடக்கிறதாம். அதனால் புது விதி. கேமராவைப் பார்த்துச் சொந்தப் பேர், பதிவில் உள்ள கணவர் பேர், ஊர் பேர் மூன்றையும் வாயால் சொல்ல வேண்டும். பிறகுதான் கேள்வித்தாள் திறக்கும். ஒத்திகையில் இந்தக் கட்டம் வருவதற்குள் நான் புகுந்து கெடுத்துவிட்டேன், ஆகவே இவளுக்கு முன்கூட்டித் தெரியவில்லை.

சொந்தப் பேரைச் சொல்லியிருக்கிறாள். கணவர் பேர் என்றதும் வாயை மூடிக்கொண்டாள். கேமராவில் கண்காணிக்கிற அந்தப் பையன் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறான். இவள் ஒரு தாளில் என் பேரை எழுதித் தூக்கிக் காட்டியிருக்கிறாள். பரீட்சை அறையில் தாள் இருக்கக் கூடாதாம். எழுதிய தாள் தெரிகிறது, கேட்டதற்குப் பதில் இல்லை, ஆள் இவர்தானா என்று சந்தேகம். முடித்துவிட்டான்.

என் பேர். சங்கரநாராயணன். இந்த ஊரில் தெருவுக்கு ஒருத்தன் அந்தப் பேரில் இருக்கிறான்.

வ. என் பேரைச் சொல்ல மாட்டாள் என்பது எனக்குப் புதிதா? இல்லை. கல்யாணமான நாளில் இருந்து "மீனா அப்பா"தான், மீனா பிறக்கும் முன்னால் வெறும் "இங்க பாருங்க". கடைப் போர்டில் என் பேர் இருப்பதால் "நம்ம கடை". அதை விடுங்கள், ஊர் பேரில்கூட என் பேரில் பாதி இருக்கிறது என்று சங்கரன்கோவில் என்று சொல்லவே மாட்டாள். "கோவில்" என்பாள். ஒரு தடவை மதுரை பஸ் ஸ்டாண்டில் "கோவிலுக்குப் போவுமா?" என்று கேட்டு, கண்டக்டர் நாகர்கோவில் பஸ்ஸில் ஏற்றிவிட்டுவிட்டான். நான் அதைக் கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். பெருமையாகத்தான் சொன்னேன், வேறு எதற்கு.

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானட்டி! கேமராவுக்கு என்ன மானம் ரோசம்?" என்று கத்தினேன்.

"வரல."

"என்ன வரல?"

"வாய் வரல."

இதில் இன்னொன்று. படித்து முடிக்கப் பல்கலைக்கழகம் ஒரு கெடு வைத்திருக்கிறது. போன வருஷமே எழுத வேண்டிய பேப்பர் இது. அப்போது நான் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டேன், இவள் எழுதவில்லை. இந்தத் தடவை விட்டால் கெடு முடிந்தது. தேறிய பாடங்களும் சேர்ந்து போச்சு. முதலில் இருந்து சேர வேண்டும்.

ஒரு வார்த்தை சொல்லாததால் ஒரு பட்டம் போகிறது. வார்த்தைகூட இல்லை, ஒரு பேர்.

ராத்திரி குழம்பில் உப்பில்லை. அப்படியே சாப்பிட்டேன்.


ஐப்பசி 5, வியாழன்

நல்ல மழை. கரிசல்காட்டுக்காரர்களுக்கு இனி உட்கார நேரம் இருக்காது. கடையில் நிற்க இடமில்லை.

மீனா பெங்களூரில் இருந்து போனில் அழுகை. பிறகு கோபம். "அப்பா, அம்மா பேரச் சொல்லாதது ஒங்களுக்குக் குளுகுளுன்னு இருந்துச்சுல்லா? இப்பம் பாருங்க." நான் என்ன, சொல்லாதே என்று கையெழுத்தா வாங்கினேன்?

உதவி எண் என்று ஒன்று கொடுத்தாள். நானே பேசினேன். நெடுநேரம் பாட்டு. பிறகு ஒரு பிள்ளை எடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"சார், புரியல. ஹஸ்பண்ட் பேரு தெரியாதுன்னு சொல்றாங்களா?"

"தெரியும்மா. சொல்ல மாட்டா."

"ஏன் சார், டைவர்ஸ் கேஸா?"

"ஏம்மா, நல்லா இருக்கோம்மா நாங்க!"

பிறகு, "இந்தக் காலத்துலயா சார்?" என்றாள். எந்தக் காலத்தில் என்று கேட்கிறாள்? நான் இந்தக் காலத்தில்தான் நின்று பேசிக்கொண்டிருக்கிறேன். பின்னால் லைனில் நிற்கிற அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார்கள். மாடசாமி அண்ணாச்சி மட்டும், "எங்க வீட்டுலயும் சொல்ல மாட்டாவ" என்றார் மெதுவாக.

அந்தப் பிள்ளை நல்லவள். மேலே எழுதிப் பார்க்கிறேன் என்றாள். சாயங்காலமே மீனாவுக்குப் பதில் வந்துவிட்டது. இன்னொரு வாய்ப்பு உண்டு, ஒரே ஒரு தடவை. திங்கட்கிழமை. விதி மாறாது, வாயால் சொல்ல வேண்டும்.

இளையரசனேந்தல் அம்மா மறுபடியும் வந்தாள். பெருவிரல் விழவில்லை. "நாளைக்கு" என்று வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். துண்டால் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தோம். இடது கைச் சுண்டுவிரலில் விழுந்தது. பின்னால் நின்றவர்கள் திட்டினார்கள். முந்தாநாளுக்கு முந்தின நாளே இதைச் செய்திருந்தால் அவளுக்கு ஒரு பஸ் செலவு மிச்சம்.


ஐப்பசி 6, வெள்ளி

விட்டு விட்டு மழை. நைட்டி காயவில்லை என்று வ. புலம்பல். நல்லது, புலம்புகிறாளே.

பயிற்சி கொடுத்தேன். கடைக்கு அரை நாள் லீவு. நாற்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"சொல்லு. கணவர் பேரு?"

சிரிப்பு.

"சிரிக்காத. அவன் அங்கன உக்காந்து சிரிப்பானா? சொல்லு. சங்."

"ச..." என்றாள். இருமல். தண்ணீர் குடிக்கப் போனாள். வந்தாள். மறுபடி "ச...". பால் பொங்குகிறது என்று போனாள். அடுப்பில் பாலே இல்லை.

ரோஸ்மேரி வந்து சேர்ந்தாள். "ஏட்டி வடிவு, நான் எங்க வீட்டு ஜெபராஜை நாளு பூரா பேரச் சொல்லித்தான் ஏசுதேன். ஜெபராஜு, குப்பையக் கொண்டு போடு, ஜெபராஜு, கேஸு தீந்துட்டு. அவரு குத்துக்கல்லு மாதிரி நல்லாத்தான இருக்காரு" என்றாள். வ. தலையை மட்டும் ஆட்டினாள்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "நாகர்கோவில் பஸ்ஸுல ஏறுனியே, அப்பமே தெரிஞ்சிருக்கணும் எனக்கு. நீ படிச்சு என்னத்தக் கிழிக்க? ஒரு பேரச் சொல்லத் துப்பில்ல" என்று சொல்லிவிட்டேன். ரோஸ்மேரி எழுந்து போய்விட்டாள்.

வ. நாற்காலியைச் சுவரோரம் தள்ளிப் போட்டாள். பிறகு, "ஒரு தடவ சொல்லிருக்கேன்" என்றாள்.

"என்னது?"

"ஒங்க பேர. ஒரு தடவ."

போன வருஷம் ஆடித்தபசுத் திருவிழா அன்றைக்கு. எனக்கு நெஞ்சுவலி. ரத வீதி முழுக்க ஜனம், ஆம்புலன்ஸ் உள்ளே வரவில்லை, ஆட்டோவில் போட்டுக் கொண்டுபோனார்கள். இது வரை எனக்குத் தெரியும். பிறகு எனக்கு நினைவில்லை. இவள் சொன்னது அதற்கு அப்புறம்.

நர்ஸ், பேஷண்ட் பேர் என்ன என்று கேட்டாளாம். இவள் "மீனா அப்பா" என்றாளாம். "அம்மா, வெளயாடுத நேரமா இது, பேரச் சொல்லுங்க" என்று அவள் சத்தம் போட்டாள். மீனா ஊரில் இல்லை. பக்கத்தில் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு இவள் சொன்னாள். முழுப் பேரையும். சொல்லி வாயை மூடவில்லை, உள்ளே மிஷின் கூ என்று சத்தம் போட்டது. நாலு பேர் ஓடினார்கள். கதவைச் சாத்திவிட்டார்கள். என் இருதயம் நின்றது அப்போதுதான்.

நின்றது என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். எப்போது நின்றது என்று இவளுக்குத் தெரியும் என்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

"ஏட்டி, அடைப்பு இருந்துச்சு, நின்னுச்சு. பேரு சொன்னதுனாலயா நிக்கும்?"

"தெரியும்" என்றாள். "ரெண்டு காரியம் சேந்து நடந்தா ஒண்ணுனாலதான் இன்னொண்ணுன்னு சொல்லக் கூடாது. பாடமே இருக்கு. அதுல நான் நல்ல மார்க்கு."

"பின்ன?"

"தெரிஞ்சா போதுமா? வாய் வரணும்லா."

துப்பில்லை என்று சொன்ன நாக்கை இழுத்து வைத்து அறுத்தால் தேவலை. என் உயிரை இவள் ஒரு வருஷமாக வாய்க்குள் பூட்டி வைத்துக்கொண்டு, மேலே பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அதை வெட்கம் என்று நினைத்தேன். பழக்கம் என்று நினைத்தேன். மரியாதை என்றும் நினைத்தேன், அதுதான் கேவலம்.

மாத்திரை போட்டேனா? போட்டேன்.


ஐப்பசி 8, ஞாயிறு

மழை இல்லை. கோவிலுக்குப் போய்வந்தோம். நல்ல கூட்டம். புற்றுமண் பிரசாதம் கொஞ்சம் மடித்து எடுத்துக்கொண்டாள்.

நேற்று முழுக்க நான் பேர் விஷயத்தை எடுக்கவில்லை. இன்றைக்குக் கேட்டேன். "வேண்டாம்னா விட்டுரு வடிவு. பட்டம் என்ன பெரிய பட்டம்."

பார்த்தாளே ஒரு பார்வை.

"நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். மீனாவோடு நெடுநேரம் போனில் குசுகுசு. நான் அறைக்குள் போனதும் பேச்சை நிறுத்தினார்கள். இனிமேல் என்ன ரகசியம்?

மனசில் ஒரு அல்ப ஆசையும் இருக்கிறது, எழுதித்தான் வைக்கிறேனே. நாளைக்குச் சொல்லும்போது என் காதால் கேட்க வேண்டும். அவள் வாயில் என் பேர் எப்படி இருக்கும்? ஆஸ்பத்திரியில் சொன்னதை நான் கேட்கவில்லையே.


ஐப்பசி 9, திங்கள்

காலையில் வெளிச்சம். கரண்டு இருந்தது. ரோஸ்மேரி கிரைண்டர் போடவில்லை. பால்காரர் மணி அடிக்காமல் வந்தார்.

வ. அதே புடவை. நெற்றியில் புற்றுமண் கீற்று. "கடைக்குப் போங்க" என்றாள். சரி என்றேன். போகவில்லை. சந்தில் மீனா அறை ஜன்னலுக்குக் கீழே, சுவரோடு சுவராகக் குத்தவைத்து உட்கார்ந்தேன். எழுந்தால் தலை தெரியும். தெரிந்தால் மறுபடியும் பெர்சன்.

முழங்கால் வலி. எறும்பு.

இந்த நேரம் பார்த்து மாடசாமி அண்ணாச்சி பைக்கில் வந்து, "ஏ, சங்கரநாராயணா! கடை அடச்சிருக்கு, இங்கன என்ன வே ஒளிஞ்சிருக்கீரு?" என்று ஊருக்கே கேட்கக் கத்தினார். வாயில் கையை வைத்து, கும்பிட்டு, மண்ணில் விழாத குறையாகக் காட்டினேன். ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் என் பேர் எவ்வளவு லேசாக வருகிறது! மனுஷன் புரிந்துகொண்டு பைக்கைத் தள்ளிக்கொண்டே போனார்.

உள்ளே குரல். அதே பையன்தான். அறையைக் காட்டச் சொன்னான். காட்டினாள். அட்டை. காட்டினாள்.

"உங்க பேரு சொல்லுங்க மேடம்."

"சண்முகவடிவு."

என் உதடும் கூடவே அசைந்தது. நான் என்ன பரீட்சையா எழுதுகிறேன்?

"பதிவுல இப்ப மாத்தியிருக்கீங்க, சரிதான். அம்மா பேரு சொல்லுங்க."

அம்மா பேரா?

"இசக்கியம்மாள்."

என் மாமியார்! செத்து எத்தனையோ வருஷம் ஆன மாமியார். கணவர் பேர் இருந்த இடத்தில் அம்மா பேரை மாற்றிக்கொள்ளலாமாம், ஒரு தடவை. மீனாவும் இவளும் சேர்ந்து செய்த வேலை. என் பேரைத் தூக்கிவிட்டார்கள். பட்டத்தில் நான் இல்லை. ஜன்னலுக்குக் கீழே எறும்பு கடிக்கக் காத்துக் கிடந்ததற்கு இசக்கியம்மாள்! ஒரு நிமிஷம் எனக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது, கோபத்தில்தான்.

"ஊர் பேரு மேடம்?"

இதை மாற்ற முடியாது. அட்டையில் இருக்கிறது.

சத்தமே இல்லை. பையன் மறுபடி கேட்டான். "மேடம், ஊர் பேரு?"

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சு இழுப்பது கேட்டது. கோவில் என்று சொல்லிவிடாதே வடிவு, நாகர்கோவில் பஸ்ஸில் ஏற்றிவிடுவான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"சங்கரன்கோவில்."

நிறுத்தி, தெளிவாக, ஒரு எழுத்தும் விழுங்காமல்.

நான் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தேன். சிரிக்காமல் எழுதுகிறேன், வைத்துப் பார்த்தேன். அடித்துக்கொண்டிருந்தது. வழக்கத்தைவிட வேகமாகவே அடித்துக்கொண்டிருந்தது.

"தேங்க்யூ மேடம். யு மே ஸ்டார்ட்."

பிறகு விசைப்பலகைச் சத்தம். நிற்கவே இல்லை. வெயில் ஏறும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கடை திறக்கவில்லை. இன்றைக்கு வந்தவர்கள் எல்லாரும் திட்டியிருப்பார்கள்.

முடிந்ததும் வாசல் கதவைப் படாரென்று திறந்துகொண்டு வந்தாள். செருப்பு இல்லை. நான் கடையில் இருப்பதாக நினைத்து அங்கே ஓடப் போயிருக்கிறாள். சந்தில் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பரீட்சை எப்படி என்று நான் கேட்க வாயைத் திறந்தேன். அவள் என் கையைப் பிடித்து, மணிக்கட்டில் விரலை வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

"நான் நல்லாத்தான் இருக்கேன்ட்டி" என்றேன்.

"பாதிதான சொன்னேன்" என்றாள்.